மணல் தட்டில் ஒரு கொலு

எங்கள் உளவியல் ஆலோசனை அறையின் மூலையில் ஒரு மணல் தட்டு இருக்கிறது. உட்புறம் முழுக்க நீல பெயின்ட். மணலை விரலால் விலக்கினால் தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்கும். பக்கத்து அலமாரியில் பொம்மைகள். வருகிறவர் பிடித்ததை எடுத்து மணலில் வைப்பார். நான் குறுக்கே பேசக் கூடாது. 1929 வாக்கில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை. அதற்கு ‘உலகம்’ என்று பெயர் வைத்ததே அந்தக் குழந்தைகள்தான்.

ஆரம்பத்தில், பயிற்சியில் பார்த்தபடியே ஊசியிலை மரமும் கூம்புக் கூரை வீடுமாக வாங்கி அடுக்கினேன். யாரும் தொடவில்லை. அப்புறம் ஒரு நவராத்திரி முடிந்து, விலை இறங்கிய சமயத்தில் செட்டியார் பொம்மை, தேர், யானை எல்லாம் வாங்கிப் போட்டேன். அலமாரி காலியாக ஆரம்பித்தது!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). மனைவி இறந்து எட்டு மாதம். “தினம் ஒரு மணி நேரம் பூஜை பண்றேன்மா. வருகைப் பதிவேட்டில் டிக் போடற மாதிரி இருக்கு” என்றார்.

இரண்டு முறை தட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மூன்றாம் முறை மணலை விலக்கினார். நீலம் தெரிந்தது. “குளம்” என்றார். “அவ கொலுவுக்குக் கீழே பார்க் கட்டுவா. கடுகு முளைக்கப் போட்டு வயல், கண்ணாடி வெச்சு குளம். சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.”

செட்டியார் தம்பதியைக் கரையில் உட்காரவைத்தார். தேரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நாற்பது நிமிடம் போயிற்று.

நம் வழிபாட்டில் பாதி விளையாட்டுதானே? சாமியைக் குளிப்பாட்டுகிறோம், ஊஞ்சல் ஆட்டுகிறோம், பள்ளியறையில் தூங்கவைக்கிறோம். உளவியல் படித்த இத்தனை வருடத்தில் எனக்கு இது உறைத்ததில்லை. அவரே சொன்னார்: “குமரகுருபரர் துறவிம்மா. அவர் சின்னப் பொண்ணா மாறி, எங்க மணல்வீட்டைக் காலால அழிச்சிடாதேன்னு முருகன்கிட்ட கெஞ்சறார். பிள்ளைத்தமிழ்ல வர்ற சிற்றில் பருவம். முப்பது வருஷம் பாடம் எடுத்தேன், பத்துப் பருவத்தையும் மனப்பாடம் பண்ணச் சொன்னேன், அவ்வளவுதான்.”

கிளம்பும்போது கதவருகே நின்றார்.

“நான் போனதும் இதைக் கலைச்சிடுவீங்களா?”

“ஆமாம் சார். அடுத்தவர் வருவாரே.”

“சரி, கொஞ்ச நேரம் கழிச்சு.”

அன்று கடைசியாகத்தான் கலைத்தேன்.