ஏழு பவுண்டா, பத்தா?

"இந்தக் காலத்து கார்களுக்கெல்லாம் 15 பவுண்டு ரேடியேட்டர் மூடி போடுகிறார்களே, இதற்கு மட்டும் ஏன் 7?" என்று, கொதிக்கிறதென்று என்னிடம் வந்த 1965 எம்ஜிபியின் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) சொந்தக்காரர் கேட்டார். "மூடி எஞ்சினைக் குளிர்விக்காது" என்றேன். சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்டது அதுவா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மூடியின் வேலை உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையைத் தள்ளிப்போடுவது. அதன் எண், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் வரை பிடித்துவைக்கும் என்பது. வெறும் தண்ணீர் 7 பவுண்டு அழுத்தத்தில் ஏறக்குறைய 111 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 10 பவுண்டில் 115, 15 பவுண்டில் 121. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிந்தியிருந்தாலோ எந்த மூடி போட்டாலும் வெப்பமானியின் முள் ஏறத்தான் செய்யும்.

ஆனால் அவர் கார் ஓடும்போது கொதிக்கவில்லை. நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்திய பிறகுதான் கொதித்தது. எஞ்சின் நின்றால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் தேங்கிய சூடு, எக்சாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள நீரைக் கொதிக்க வைத்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கூடுதல் மூன்று பவுண்டு உண்மையிலேயே உதவும். பின்னால் வந்த எம்ஜிபிகளுக்குத் தொழிற்சாலையே 10 கொடுத்தது. நானும் 10 போட்டேன்.

கண்மூடித்தனமாகப் போடவில்லை. மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்தை அளந்தேன், ஒரு அங்குலம் இருந்தது. அதில் முக்கால் அங்குல மூடியை மாட்டினால் திருகும்போது இறுகியது போலத்தான் இருக்கும், கீழ் ரப்பர் மட்டும் உட்காராது. மேலே எந்த எண் பொறித்திருந்தாலும் அழுத்தம் நிற்காது. பிறகு கைப்பம்பில் 10 ஏற்றி, பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். பம்பின் அழுத்தமானி முள் அசையவில்லை.

மூன்று வாரத்தில் முன்பக்கக் கம்பளம் நனைந்து கார் திரும்பி வந்தது. உள்ளே கூலண்டின் இனிப்பு வாடை. எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டரைக் கழற்றினால் பித்தளைத் தொட்டியின் ஈயப்பற்று ஓரத்தில் மயிரிழை விரிசல். அதைச் சுற்றிக் காய்ந்து இறுகிய பச்சைப் பொருக்கு. அந்தப் பொருக்கு மூன்று வாரத்தில் படிகிற கனம் இல்லை. 7 பவுண்டிலேயே பல காலம் கசிந்து கசிந்து காய்ந்திருக்கிறது. எப்படியும் போகப்போகிற ஹீட்டர்தான்.

ஆனால் நான் அழுத்தம் ஏற்றிப் பார்த்தது ஆறிய எஞ்சினில். ஈயப்பற்று சூட்டில்தான் தளரும், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஓரம் விரிந்து சுருங்கும். ஆறிய நிலையில் பத்து நிமிடம் தாங்கியதை வைத்து நான் எதை உறுதிசெய்துகொண்டேன்? பழைய மூடியே இருந்திருந்தால் இன்னொரு குளிர்காலம் ஓடியிருக்கலாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் காரில், வழியும் நீரைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் மீள்தொட்டி கிடையாது, வழிவது குழாய் வழியாக நேரே தரையில் கொட்டும். ஆறியிருக்கும்போது கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே நீர் நின்றால் போதும். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து மிச்சத்தை வெளியே தள்ளும், பார்ப்பவருக்குக் கொதித்து வழிவது போலத் தெரியும். காரை விட்டுப்போன அன்று, எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.