பருவத்தின் கடைசி வாரங்களுக்கான பணம்

மாணவர்களுக்குப் பணம் போதாமல் போவதற்கு ஊதாரித்தனமே காரணம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பணத்தின் அருமை தெரிந்தவர்கள். இருந்தும் பருவம் முடியும் நேரத்தில் கைமாற்று வாங்கித்தான் காலம் தள்ளினார்கள். கல்வி உதவித்தொகையோ, கல்விக் கடனோ, வீட்டிலிருந்து வரும் தொகையோ பல நேரங்களில் சில மாதங்களுக்குச் சேர்த்து மொத்தமாக வந்துவிடுகிறது. செலவோ நாள்தோறும் நடக்கிறது, அதன் நடுவே தேர்வுக் கட்டணம், புத்தகம், ஊருக்குப் போய்வரும் பயணம் என்று பெரிய செலவுகள் திடீரென வந்து நிற்கின்றன. உண்மையில் அவற்றில் எதுவும் திடீர்ச் செலவு அல்ல. பருவம் தொடங்கும் நாளிலேயே அவை வரப்போவது தெரியும். கணக்கில்தான் அவற்றுக்கு இடம் தரப்படுவதில்லை.

கைக்கு வந்த பணத்தை 100 பங்காகவும் பருவத்தை 20 வாரங்களாகவும் வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் வாரத்துக்கு 5 பங்கு என்று தோன்றும். அப்படியே 8 வாரம் செலவழித்தால் 40 பங்கு தீர்ந்து 60 மிஞ்சும். அந்த அறுபதிலிருந்து கட்டணம், பயணம், புத்தகம் ஆகியவற்றுக்கு 30 பங்கும், மருத்துவம் போன்ற எதிர்பாராத தேவைகளுக்கு 6 பங்கும் போனால், எஞ்சிய 12 வாரங்களுக்கு வாரம் 2 பங்குதான் கிடைக்கும். இதே 36 பங்கை முதல் நாளே எடுத்து வைத்திருந்தால், 20 வாரமும் வாரத்துக்கு 3.2 பங்கு வீதம் ஒரே சீராகச் செலவழித்திருக்கலாம். மொத்தச் செலவு இரண்டிலும் ஒன்றே; ஆனால் முதல் வழியில் போகிறவர், படிப்பின் சுமை அதிகமாக இருக்கும் தேர்வுக் காலத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ நேர்கிறது.

எடுத்து வைத்த பணம் அன்றாடச் செலவுக்கான கணக்கிலேயே கிடந்தால் அது எடுத்து வைத்ததாக ஆகாது. முடிந்தால் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த வாரப் பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நான் கண்டவற்றில் நல்ல வழி. மாதக் கணக்கைவிட வாரக் கணக்கு மாணவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு வாரத்தில் கூடிப்போன செலவை அடுத்த வாரத்திலேயே சரிக்கட்டிவிடலாம்.

வருமானத்தில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்லும் விதி பரவலாகப் பேசப்படுகிறது. நிலையான மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது உதவலாம். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமே வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும் மாணவர் அதைப் பின்பற்ற முயன்றால் மனச்சோர்வுதான் மிஞ்சும். அதைவிட, ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904-இல் அறிமுகப்படுத்திய ககேபோ என்ற வீட்டுக் கணக்குமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று பின்பற்றப்படும் வடிவில் அது செலவுகளைத் தேவை, விருப்பம், பண்பாடு, எதிர்பாராதவை என நான்காகப் பிரித்துக் கையால் எழுதச் சொல்கிறது. புத்தகத்துக்கும் கலைக்கும் ஆகும் செலவை வீண்செலவோடு சேர்க்காமல் தனி இடம் தந்திருப்பது, படிக்கிறவர்களுக்கு மிகவும் பொருத்தமானது.

கடன் அட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மாதம் 3 விழுக்காடு வட்டி என்று கேட்கும்போது சிறியதாகத் தெரியும். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து வளர்வதால், அது ஆண்டுக்கு 36-இல் நிற்காமல் 42 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அறிக்கையில் அச்சிடப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அசல் மெதுவாகத்தான் குறையும். கைமாற்றுக்கு வட்டி இல்லை என்றாலும், திருப்பித் தரும் தேதியைக் கடன் கொடுத்த நண்பர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவதுதான் முறை. அந்தத் தேதி வரும் வாரத்தின் பங்கிலிருந்து அத்தொகையைக் கழித்த பிறகே மற்றச் செலவுகளைத் திட்டமிட வேண்டும்.