நயினாதீவுக்கு அம்மாவைக் கூட்டிப் போன கதை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வச்சு அழுத்திக்கிட்டேதான் இறங்குவாங்க. இலங்கையில் யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற நயினாதீவு அம்மன் கோயிலுக்கு அவங்களைக் கூட்டிப் போகணும்னு, ஒரு பாஸ்போர்ட்டுக்காக அப்படி மூணு தடவை இறங்கினோம்.

முதல் தடவை தப்பு எங்க மேல. பிரவுசிங் சென்டர் பையன் இனிஷியலை அப்படியே போட்டுட்டான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுசா விரிச்சு எழுதணும். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அறுபது தாண்டினவங்களுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, 1500க்கு 1350 தான். அதையும் அந்தப் பையன் சொல்லலை.

ரெண்டாவது தடவைதான் இன்னும் எரியுது. கவுன்ட்டரில் இருந்தவர், "வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா"ன்னார். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறந்தேன், "நீங்க பேசக்கூடாது"ன்னார். அம்மா தலையைக் குனிஞ்சு முந்தானை நுனியை விரல்ல சுத்திக்கிட்டே நின்னாங்க. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இருந்தப்பவும் சரி, போன பிறகும் சரி, அந்தப் பெயர் அம்மா வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எங்க ஊர்ப் பக்கம் வயசானவங்க யார்தான் சொல்றாங்க? அவருக்குத் தெரியாதா என்ன! "புருஷன் பேரே தெரியலையா, வேற ஆதாரம் கொண்டாங்க"ன்னு ஃபைலைத் தள்ளிட்டார். திரும்பி வர்ற பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசலை.

மூணாவது தடவை ரேஷன் கார்டு, அப்பாவோட இறப்புச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போனோம். வேற ஒருத்தர் இருந்தார். பத்தே நிமிஷம். போலீஸ் விசாரணை சிக்கலில்லை.

இலங்கைக்குள்ள நுழைய ஆன்லைனில் எடுக்கிற அனுமதியான இ.டி.ஏ. வாங்கும்போது அந்நாட்டு அரசுத் தளத்தில் மட்டும் போடுங்க. அதே மாதிரி தெரியுற தளங்கள் நிறைய இருக்கு, காசைப் பிடுங்கிடுவாங்க. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் கடல் கொந்தளிச்சா ஓடாது. நாங்க முதல்ல டிக்கெட் போட்ட தேதி அப்படித்தான் போச்சு, நாகையில் ஒரு நாள் லாட்ஜ் வாடகை தண்டம். ஐப்பசி, கார்த்திகை பக்கம் திட்டமே போடாதீங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு வழியா குறிகாட்டுவான் துறை. அங்கிருந்து படகில் இருபது நிமிஷத்துக்குள்ள தீவு. படகு கீழ்த்தட்டில் டீசல் நாத்தம், எனக்குத்தான் குமட்டுச்சு. அம்மா எலுமிச்சம்பழத்தை என் கையில் திணிச்சுட்டு வெளியே எட்டிப் பார்த்துக்கிட்டு வந்தாங்க. தீவில் ரெண்டு இறங்குதுறை இருக்கு. ஒண்ணு நாகவிகாரைங்கிற புத்தர் கோயில் பக்கம், இன்னொண்ணு அம்மன் கோயில் வாசலுக்கு நேரே. கேட்டுட்டு இறங்குங்க, நாங்க அவசரப்பட்டு முதல் துறையிலேயே இறங்கி வெயில்ல நடந்தோம்.

நாகபூசணி அம்மன் சன்னதியில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார் ஐயர். அம்மா நிமிர்ந்து நின்னு, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே தன் பெயரையும் அடுத்து அப்பா பெயரையும் சத்தமா சொன்னாங்க. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "சரியா சொல்லிட்டேனா கண்ணு?"ன்னாங்க.