ஈம் ஆலயமும் எல்லைக்கல்லும்

இங்கிலாந்துக்குப் போகிற நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கேன்டர்பரி, யார்க், வெஸ்ட்மின்ஸ்டர் என்று பெரிய ஆலயங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் முழங்கால் தானாக மடங்கிய இடம் எது என்று என்னைக் கேட்டால், டெர்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கும் ஈம் கிராமத்துப் புனித லாரன்ஸ் ஆலயத்தைத்தான் சொல்வேன். ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம்.

ஆலயத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாகச் சில பழைய கல் வீடுகள். கொள்ளைநோய் இந்த ஊருக்குள் நுழைந்தது அங்கேதான். 1665இல் லண்டன் பிளேக்கில் செத்துக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்து ஒரு தையல்காரருக்குத் துணிமூட்டை வந்தது. ஈரமாக இருந்த துணியை ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் அடுப்புக்கு முன்னால் விரித்துக் காயவைத்தார் என்கிறார்கள். துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்திருந்தது. செப்டம்பர் 7 அன்று அவருக்கு அடக்கம்.

நாள் வரை தெரிவதற்குக் காரணம் சேகரப் பதிவேடு, அதாவது ஒரு ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியின் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு சேகரமும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். ராஜாக்கள், பிரபுக்கள் பெயர் எப்படியும் நிலைத்துவிடும். கூலிக்காரர் வீட்டுக் குழந்தையின் பெயர் நிலைத்தது இந்த உத்தரவால்தான். நோயில் இறந்தவர்களின் பெயர்களை ஆலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தார்ப், சிடால், டால்பட், ஹான்காக் என்று ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவசரமாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வில்லியம் மாம்பெசன் என்ற இளம் குருவானவரைத்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கோ அவர் கூட நின்ற தாமஸ் ஸ்டான்லிமேல்தான் மனம் போகிறது. ஸ்டான்லி அதே ஊரில் அவருக்கு முன் ஊழியம் செய்தவர். இங்கிலாந்து திருச்சபையின் ஆராதனை முறைகள் அடங்கிய பொது ஜெபப் புத்தகத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1662இல் சட்டம் வந்தபோது மனசாட்சி இடம் கொடுக்காமல் பதவியை இழந்தார். மாம்பெசன் வந்தது 1664இல். ஊர் மனசு பழைய ஐயர் ஸ்டான்லியிடமே இருந்தது. இப்படிப்பட்ட நிலையில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருந்தால்கூட ஆச்சரியப்பட எதுவுமில்லை. நம் சபைகளில் ஐயர் மாறினாலே இரண்டு கோஷ்டி ஆகிவிடுகிறதே.

1666 ஜூனில் இந்த இருவரும் சேர்ந்து சபையார் முன் நின்றார்கள். யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செத்தவர்களை அவரவர் குடும்பமே தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும். ஆலயம் பூட்டப்படும், ஆராதனை திறந்த வெளியில் நடக்கும். ஊர் ஒத்துக்கொண்டது. மாம்பெசன் மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் அந்த ஜனங்கள் சம்மதித்திருப்பார்களா என்பது என் சந்தேகம். வெளியே போனால் உயிர் தப்பலாம், ஆனால் பக்கத்து ஊர்களுக்கு நோய் போய்விடும். அதற்காகத்தான் உள்ளேயே இருந்தார்கள்.

ஸ்டோனி மிடில்டன் ஊருக்குப் போகும் வழியில், வயல் நடுவே அந்த எல்லைக்கல் கிடக்கிறது. மேல்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள். காசு வழியாக நோய் பரவிவிடக் கூடாது என்று அவற்றில் காடியை ஊற்றி, காசுகளை அதில் போட்டு வைப்பார்களாம். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். குழிகளின் ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நான் போனபோது ஒரு குழியில் மழைத்தண்ணீரும் யாரோ போட்ட சில்லறையும் இருந்தன.

ஊருக்குக் கிழக்கே மேட்டில் ரைலி கல்லறைகள் இருக்கின்றன. எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். சுற்றுச்சுவருக்குள் சின்னச் சின்னக் கற்கள். அங்கே எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் கர்த்தர் ஜெபமாக எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

ஆலயத் தோட்டத்தில் ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட சாக்சன் சிலுவை ஒன்று நிற்கிறது. அதன் அருகில் மாம்பெசனின் மனைவி கேத்தரின் கல்லறை. பிள்ளைகள் இருவரையும் வெளியே அனுப்பி வைத்த அந்த அம்மா, தான் போக மறுத்து, கணவரோடு வீடு வீடாக நோயாளிகளைப் பார்த்தார். ஆகஸ்ட் 25 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாக மாம்பெசன் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அப்புறம் அவர் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஈக்ரிங் சேகரத்துக்கு மாற்றலாகிப் போனார். நோய் வந்துவிடும் என்று பயந்த அந்த ஊர் ஜனங்கள் முதலில் அவரை ஊருக்குள்ளேயே விடவில்லை. ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்கி, மரத்தடியில் பிரசங்கம் செய்தாராம். ஸ்டான்லி ஈமிலேயே இருந்து 1670இல் காலமானார். அவருக்கும் ஆலயத் தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அங்கேயும் போய் நின்று, நம் சபைகளின் ஒருமனதுக்காக ஜெபித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அங்கே பிளேக் ஞாயிறு. பூட்டின ஆலயத்துக்குப் பதிலாக அன்று ஆராதனை நடந்த கக்லெட் டெல்ஃப் பள்ளத்துக்கே ஊர்வலமாகப் போய் இன்றும் நன்றி ஆராதனை நடத்துகிறார்கள். அதே நாட்களில் ஊர்க் கிணறுகளையும் பூவிதழ்களால் அலங்கரிப்பார்கள். போகிறவர்கள் முடிந்தால் அந்த ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். ஆலயத்தோடு திரும்பிவிடாமல் ரைலிக்கும் எல்லைக்கல்லுக்கும் நடப்பதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மேடும் பள்ளமுமான வழி, நல்ல செருப்பு இருக்கட்டும்.