ஓரடிகளுக்குச் சோறு

பழநிக்குச் செல்பவர்கள் சண்முகநதியில் மூழ்கி எழுந்து, திருஆவினன்குடியில் குழந்தை வேலாயுதசுவாமியை வணங்கிய பிறகே மலையேற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாலாறு, வரட்டாறு, பொருந்தலாறு, சுருளியாறு, கல்லாறு, பச்சையாறு என்று ஆறு நீரோட்டங்கள் கூடுவதால் சண்முகநதி என்று பெயர். மழைக்காலத்தில் பழநி மலைத்தொடரில் இறங்கும் நீரில் ஒரு பகுதி இதன் வழியாக அமராவதியைச் சென்று சேர்கிறது. இந்த முறை அம்மாவுடன் ஐப்பசி மாதத்தில் சென்றிருந்தேன். விடியற்காலையில் நதியில் நீராடி, திருஆவினன்குடியில் சரவணப் பொய்கையருகே சற்று நேரம் அமர்ந்திருந்த பின், மலைக்கோயிலை மாலைக்கு வைத்துக்கொண்டு, கொழுமம் சாலை வழியாகப் பாப்பம்பட்டி அருகிலுள்ள ஐவர்மலைக்குப் புறப்பட்டோம். தண்டாயுதபாணியைப் பலமுறை தரிசித்தும், இவ்வளவு அருகிலிருக்கும் இந்த மலையை அதுவரை பார்க்காமல் இருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிய மலை என்று ஊரார் சொல்கிறார்கள். குகையில் திரௌபதி அம்மன் குடிகொண்டிருக்கிறாள். ஆனால் கல்வெட்டு சொல்லும் பெயர் திருவயிரை. பாறையின் நெற்றிப் பகுதியில், கையெட்டாத உயரத்தில், சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றின் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கிறது. அவை தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரின் உருவங்கள். சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் சிறிய எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் பல மலைகளில் பெயர் பதித்த சமணத் துறவி அச்சணந்தி இங்கேயும் இருக்கிறார்.

நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்த முதியவர் ஒருவர், “எழுத்தப் பார்க்க வந்தீங்களா சாமி? வெயில் சாய்வா விழறப்பதான் நல்லாத் தெரியும், கொஞ்சம் பொறுங்க” என்றார். பொறுத்திருந்தோம். அவர் சொன்னபடியே, வெயில் பாறைமேல் நகர்ந்து வர, வெறும் கீறல்களாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாகப் பழந்தமிழ் வட்டெழுத்துகளாயின.

அந்தக் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-ஐக் குறிக்கிறது, அது பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் சொல்கிறது. அவன் 862-இல் அரியணை ஏறினான் என்று வரலாற்றாசிரியர்கள் உறுதியாகக் கணிப்பதற்கு இந்தச் சில வரிகளே ஆதாரம். இருப்பினும், ஆண்டுக் கணக்கைவிட அதன் பின் வரும் செய்திதான் என்னை அங்கேயே நிற்கவைத்தது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக்குரவர், பார்சுவ படாரரையும் இயக்கி அவ்வைகள் என்னும் சமணப் பெண்தெய்வங்களையும் புதுப்பித்து, அவ்விரண்டுக்கும் தடையின்றி அவி எனும் படையல் படைக்கவும், ஓரடிகளுக்குச் சோறு அளிக்கவும் 505 காணம் பொன் வைத்திருக்கிறார். இயக்கியை ‘அவ்வை’ என்று அழைத்த அந்தச் சொல்லில் எவ்வளவு உறவு! ஒரே ஒரு துறவி பசியாற வேண்டும் என்பதற்காக ஒரு மாணாக்கர் பொன்னை ஒதுக்கி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்திருக்கிறார். அம்மாவிடம் படித்துச் சொன்னபோது, எதுவும் பேசாமல் பாறையை நோக்கிக் கைகூப்பினார்.

அந்தச் சோற்றுக்கான நெல்லும் இந்த மலையடியில் மிகப் பழையது. பழநிக்குத் தென்மேற்கேயுள்ள பொருந்தலில், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றிலிருந்து நான்கு கால்கள் கொண்ட சாடி கிடைத்தது. அதனுள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கரிமக் காலக்கணிப்பு அந்த நெல்லை கி.மு. 490 அளவில் வைத்தது. அதே குழியில் தமிழ்பிராமி எழுத்து பொறித்த பானைத்தாங்கியும் இருந்தது. இறந்தவருக்கு நெல்லைத் துணையாக வைத்து அனுப்பிய மக்கள் இந்த நதியின் நீரில் விளைவித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டதும் பொதினி என்று அன்று பெயர் பெற்ற இந்தப் பழநி நாட்டைத்தானே.

பழநியில் பேருந்திலிருந்து இறங்கியபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் இழுவை ரயிலில் மலைக்குச் சென்றோம். ராஜ அலங்காரத்தில் முருகனைக் கண்குளிரக் கண்டோம். வெளியே வந்ததும் அம்மா அன்னதானக் கூடத்துக்குப் போகலாம் என்றார். வழக்கமாக எங்கள் தூக்குவாளியில் புளிச்சோறு இருக்கும், அன்றும் இருந்தது. “அது ராத்திரிக்கு இருக்கட்டும், இங்க உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போவோம்” என்றார். இலையில் சாதம் விழுந்ததும், கை வைப்பதற்கு முன்பாக ஐவர்மலை இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுக்கொண்டார்.