முடிந்தது எது

மார்ச் 3
நான் மணக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் இன்று தானாகவே சொன்னார். முதல் திருமணம், விவாகரத்து, ஏழு வயதில் ஒரு மகள். "என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். அப்போது வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேள்விகள் தூங்க விடவில்லை.

மார்ச் 5
"முடிஞ்சு போனதைக் கிளறாதடி" என்கிறாள் அக்கா. எது முடிந்தது? மணவாழ்க்கை முடிந்தது, சரி. மகள் முடிந்துபோனவள் இல்லையே. அவளுக்கான பணம் மாதாமாதம் போகிறது, சனிக்கிழமைகள் அவளுக்கானவை. கடனோ வழக்கோ இருந்தாலும் இப்படித்தான். நாளை என் வீட்டுக்குள் நடந்து வரப்போகிற எதையும் கேட்க எனக்கு உரிமை உண்டு.

மார்ச் 9
இருவரும் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி. தொற்றிய உடனே எச்.ஐ.வி. தெரியாதாம், ஆய்வகத்தில் செய்யும் புதிய வகைச் சோதனைக்கே 45 நாள் வரை ஆகலாம். யார், எத்தனை பேர் என்று துருவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மார்ச் 14
என் நான்கு வருடக் காதலைச் சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. ஒரு பெண் இதைச் சொன்னால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருவர் கேட்டிருக்கிறார், அன்றே எழுந்து வந்துவிட்டேன். இவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் வலிக்குதா?" எப்போதாவது வலிக்கும் என்றேன். தலையசைத்தார்.

மார்ச் 20
ஏன் பிரிந்தீர்கள் என்று இன்று கேட்டேவிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "கோபம் வந்தா நாள்கணக்கா பேசமாட்டேன். ஒருதடவை பதினோரு நாள். அவங்களால தாங்க முடியல."
"இப்போ?"
வெகுநேரம் யோசித்தார். "குறைஞ்சிருக்கு. போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன்."
முன்பு யாரோடு வாழ்ந்தார் என்பது என்னை இந்த அளவுக்கு உலுக்கவில்லை. அந்தப் பதினோரு நாள் உலுக்குகிறது. ஒரே வீட்டில், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு சொல்கூட இல்லாமல்! உறவுகள் முடியும். சுபாவம் ஆளோடேயே வரும். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதையும் நினைக்கிறேன்.

மார்ச் 27
திருமணத்துக்குப் பிறகு நான் வேலையை மாற்றுவது பற்றி வாக்குவாதம். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கூப்பிடவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மணி நேரம் கழித்து போன் வந்தது. "இன்னும் கோபம் போகல. ஆனா பேசாம இருக்கக் கூடாதுன்னு கூப்பிட்டேன்."

சனிக்கிழமை மகளைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்றதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.