விடியற்காலைக் கொடைக்கானலில்

நேற்று விடியற்காலை, கொடைக்கானல் குளிரில் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். பேட்டரி இறங்கிவிட்டது. டிக்கியில் ஜம்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர்) இருந்தது. ஆனால் கேபிளுக்கு இன்னொரு வண்டி வேண்டுமே! அம்மாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சாலையைப் பார்த்து நின்றேன். கேரட் மூட்டை ஏற்றிவந்த வேன்காரர் நிறுத்தினார், புண்ணியவான். கடைசிக் கறுப்புக் கவ்வியை என் பேட்டரியில் மாட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். “இஞ்சின் இரும்பில் மாட்டுங்கள் தம்பி. பேட்டரியில் கேஸ் இருக்கும், பொறி பட்டால் வெடித்துவிடும்.”

இன்றே கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர், அதாவது காரைக் கிளப்பும் சிறு பேட்டரிப் பெட்டி, வாங்கிவிட்டேன். இதற்கு யாருடைய வண்டியும் வேண்டாம். லித்தியம் பேட்டரி என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. சார்ஜையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கேபிளும் டிக்கியிலேயே இருக்கட்டும், வேறு யாருக்காவது உதவும்.